ரோஜாவுக்கு வந்த ரயில் தண்ணீர்

டீத்தூளும் முட்டை ஓடும் வாழைப்பழத் தோலும் சேர்ந்து ஊறிய ஒரு பிளாஸ்டிக் வாளியின் நாற்றத்தில்தான் என் பள்ளிப் பருவத்துக் காலைகள் விடிந்தன. அந்த வாளியை அப்பா கொல்லைப்புறத்தில் மூடி வைத்திருப்பார். பல் துலக்கியதும் மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் கிளறி, முகத்தைச் சுளிக்காமல் முகர்ந்து பார்த்து, "இன்னும் ஒரு நாள் ஆகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் "கஷாயம்". அம்மா வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

கஷாயம், வாசலில் கேட்டுக்கு வலப்பக்கம் நின்ற ரோஜாச் செடிக்கு. நர்சரியில் வாங்கிய ஒட்டுச் செடி, அடர் சிவப்புப் பூ. அதைப் போல உபசாரம் கேட்கும் ஜீவனை நான் அதற்குப் பிறகு இன்றுவரை பார்த்ததில்லை. காலை வெயில் வேண்டும், மதிய வெயில் ஆகாது. வேரில் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் கிளைகளைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். வெட்டிய முனை கறுத்துக் கீழே இறங்கினால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே ஒரு துளிர் எழுந்தால் அது காட்டு ரோஜாவின் துளிர், விட்டால் மொத்தச் செடியையும் விழுங்கிவிடும் என்று, ஆபீசுக்குக் கிளம்பிய அவசரத்திலும் குனிந்து, சட்டைப் பையிலிருந்து பேனா விழ, அந்தத் துளிரைத் தேடிக் கிள்ளி எறிவார். இத்தனைக்கும் அது வருஷத்தில் சில பூக்கள்தான் கொடுக்கும். பூத்த அன்று அப்பா கேட்டைப் பாதி திறந்து வைத்துவிட்டுத் தெருவில் யாராவது போகிறார்களா என்று பார்த்து நிற்பார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் இருந்தது தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் தாண்டி, வயல்களை மனைகளாகப் பிரித்து விற்ற ஒரு புதிய நகர். வீடுகளைவிடக் காலி மனைகளும், காலி மனைகளைவிடக் கருவேல முட்களும் அதிகம். மனை எண் ஒன்று, பஞ்சாயத்து எண் ஒன்று, யாரோ சுவரில் தாரால் எழுதிவிட்டுப் போன எண் ஒன்று என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஏகப்பட்ட எண்கள் இருந்ததால் எதையும் எவரும் நம்புவதில்லை. "பச்சை கேட்டு வீடு", "நாய் வீடு", "ஏர்ஃபோர்ஸ்காரர் வீடு" என்று அடையாளம் சொன்னால்தான் ஆட்டோ வந்து சேரும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் அமையவில்லை. ஒருநாள் அது "ரோஜா வீடு" ஆகும் என்று அப்பா நம்பினார். ஆபீஸ் நண்பர்களுக்கு வழி சொல்லும்போது அப்படித்தான் சொல்லவும் செய்தார்.

வீட்டின் மறுபக்கத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், இன்னொரு செடி இருந்தது. அதை அம்மா கொண்டுவந்தாள். கொண்டுவந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பெரிய காம்பவுண்டுக்கு வெளியே வெட்டிப் போட்டிருந்த காகிதப்பூக் கிளைகளில் தடிமனாக ஒன்றை, ஆட்டை விரட்ட உதவும் என்று எடுத்து வந்து, உபயோகம் முடிந்ததும் ஈர மண்ணில் குத்தி வைத்துவிட்டாள். அது பிடித்துக்கொண்டது. குழி தோண்டவில்லை, எருப் போடவில்லை, எந்தப் பக்கம் வெயில் என்று பார்க்கவில்லை. துவைத்த தண்ணீர் எல்லாம் அதன் காலடிக்கு ஓடியதால் மதிலைத் தாண்டிக் கூரை வரைக்கும் தளதளவென்று ஏறியது. இலையும் முள்ளும்தான், பூ என்ற பேச்சே கிடையாது. காயப்போட்ட துணியைக் காற்று அதன்மேல் தள்ளினால் கிழித்துத்தான் கொடுக்கும். அப்பா அதைச் செடிக் கணக்கில் சேர்க்கவில்லை. "உங்கம்மாவோட முள்வேலி" என்பார்.

"முள்வேலிக்கு யாரும் கஷாயம் காய்ச்ச வேணாம்" என்று அம்மா பதில் சொல்வாள். அவள் வண்டலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தினமும் ஊற்றினால்தான் உயிரோடிருக்கும் செடியை அவள் செடியாக மதிக்கவில்லை.

இப்படியே போயிருக்கும், அந்தக் கோடை வராமல் இருந்திருந்தால்.

முந்தைய வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனியிலேயே எங்கள் கிணற்றில் வாளி தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சேறு, பிறகு அதுவும் இல்லை. தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வந்தது. லாரி வரும் ஓசை கேட்டதும் பெண்கள் குடங்களோடு ஓடுவார்கள். பிளாஸ்டிக் குடங்கள் மோதும் சத்தம் கூட்டமாகச் சிரிப்பதுபோல் இருக்கும், அருகே போனால் யாரும் சிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அம்மா அன்றே சட்டம் போட்டாள்: நல்ல தண்ணீர் குடிக்க, சமைக்க. ஒரு சொட்டு செடிக்குப் போகக் கூடாது.

அப்பா மண்வெட்டியை எடுத்துத் துவைக்கிற கல்லிலிருந்து வீட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டினார். அதுவரை காகிதப்பூவுக்குப் போன துவைத்த தண்ணீர் இப்போது ரோஜாவுக்குத் திரும்பியது. "சோப்புத் தண்ணிங்க அது, செத்துடும்" என்று அம்மா எச்சரித்தாள். கடைசி அலசல் தண்ணீர்தானே என்று அப்பா சமாதானம் சொன்னார். ஆனால் சில நாளிலேயே ரோஜாவின் இலை விளிம்புகள் பழுத்துக் கருகின. அப்பா வாய்க்காலை மூடினார். அதன்பின் அந்தத் தண்ணீரை அம்மா பாத்ரூமுக்கு எடுத்துக்கொண்டாள். மதிய வெயிலுக்காகத் தன் பழைய கறுப்புக் குடையை ஒரு கம்பியில் கட்டி ரோஜாவுக்குப் பிடித்தார் அப்பா. தென்னை நாரும் சருகும் கொண்டு வேரை மூடினார். தெருவில் போகிறவர்கள் அந்தக் குடையைப் பார்த்து நின்று, பிறகு எங்களைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

தண்ணீரே இல்லாமல் செடி உயிரோடு இருந்தது ஆச்சரியம்தான். அதன் ரகசியம் எனக்குப் பள்ளி விடுமுறையில் தெரிந்தது. கண்ணாடி மாற்றுவதற்காக அப்பா என்னைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கடை முடிந்ததும் பாரிமுனையில் அவருடைய ஆபீசில் மாலை வரை உட்கார வைத்தார். ஆபீசுக்கு அங்கே தினமும் லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாலையில் மண்பானைகளில் மிஞ்சியதை வாட்ச்மேன் கீழே கொட்டிக் கழுவிக் கவிழ்ப்பார். அவர் கொட்டுவதற்கு முன் அப்பா போய் நின்று, பையிலிருந்து இரண்டு பெரிய குளிர்பான பாட்டில்களை எடுத்து நிரப்பிக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்து, "அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

பீச் ஸ்டேஷனில் தாம்பரம் லோக்கலில் ஏறினோம். அப்பாவுக்கு அந்த வண்டியில் ஒரு கூட்டம் இருந்தது. பல வருஷமாக ஒரே பெட்டி, ஒரே ஜன்னல் பக்கம், மடியில் துண்டு விரித்துச் சீட்டாட்டம். எழும்பூரில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்த சாமுவேல் சார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய குணா அண்ணன், இன்னும் இரண்டு பேர். அப்பா பாட்டில்களைத் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

மாம்பலத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடும் ஒரு சின்னப் பெண்ணோடும் ஏறினாள். நிற்க இடமில்லாத கூட்டம். சாமுவேல் சார் எழுந்து இடம் கொடுத்தார். சின்னப் பெண்ணின் உதடு உலர்ந்து வெடித்திருந்தது. "தண்ணி வேணும்மா" என்று அது அழவில்லை, கேட்கவும் இல்லை, முனகியது. தாய் சுற்றிலும் பார்த்தாள். அந்த நேரத்துக்கு எல்லாருடைய பாட்டிலும் காலி. சிறுமியின் கண் அப்பாவின் கால்களுக்கு நடுவே இருந்த பாட்டில்களில் போய் நின்றது.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, "பானைத் தண்ணிதான், நல்ல தண்ணி" என்று நீட்டினார். சிறுமி குடித்தாள், தாய் குடித்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் தயங்கிக் கை நீட்டினார். அது கை மாறிக் கை மாறிக் கதவுப் பக்கம் வரை போய்க் காலியாகத் திரும்பியது. கிண்டி வருவதற்குள் இரண்டாவதும் தீர்ந்துவிட்டது.

"இன்னா சார்," என்றார் குணா அண்ணன், "நானும் டெய்லி பாக்கறேன். ரெண்டு பாட்டிலு ரொப்பிகினு வர்றீங்க, வாயிலயே வெக்க மாட்டேன்றீங்க. யாருக்கு சார் எடுத்துகினு போறீங்க?"

அப்பா சீட்டைக் கலைத்தார்.

"ரோஜாச் செடிக்கு" என்றேன் நான். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்.

பெட்டியே சிரித்தது. அந்தக் கைக்குழந்தைகூடச் சிரித்ததாக எனக்கு நினைவு. அப்பா காது சிவக்கச் சீட்டைப் பிரித்துப் போட்டார். சாமுவேல் சார் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "அப்ப இன்னைக்கு அதுக்கு என்ன சார் பண்ணுவீங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாளிலிருந்து நடந்ததை அப்பா எனக்கு ரகசியமாகச் சொல்வார். வண்டி பல்லாவரம் தாண்டியதும் சீட்டாட்டம் நிற்கும். ஒவ்வொருவரும் தங்கள் பாட்டிலில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்து அப்பாவின் பாட்டிலில் ஊற்றுவார்கள். சாமுவேல் சார் பள்ளிக்கூடத் தண்ணீர், குணா அண்ணன் துறைமுகத் தண்ணீர். பழகாத முகங்கள்கூட, "சார், ரோஜாவுக்கு" என்று பின்சீட்டிலிருந்து நீட்ட ஆரம்பித்தார்களாம். அப்பா அதை விடியற்காலையில், அம்மா எழுவதற்கு முன், நாரை விலக்கி ஊற்றி மறுபடி மூடிவிடுவார்.

இதற்கிடையில் வீட்டின் மறுபக்கத்தில் ஒன்று நடந்தது. துவைத்த தண்ணீர் நின்றுபோன காகிதப்பூ முதலில் இலைகளை உதிர்த்தது. செத்துவிட்டது, விறகாகும் என்று அப்பா சொன்னார். அம்மா நின்று பார்த்துவிட்டு, "சாகல, யோசிக்குது" என்றாள். ஒரு காலையில் மொட்டைக் கொம்புகளின் முனையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் கொல்லைச் சுவர் தெரியவில்லை, கூரையின் ஓரம் தெரியவில்லை. கண் கூசும் கத்தரிச் சிவப்பில் மொத்தச் செடியும் பற்றி எரிந்தது. வேர் நனைந்தவரை இலையாகத் தழைத்துக்கொண்டிருந்தது, காய்ந்த பிறகுதான் பூக்கத் துணிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நாம் பூ என்று நினைப்பது நிறம் மாறிய இலைதான். நிஜப் பூ அதன் நடுவே, அரிசி அளவில், வெள்ளையாக இருக்கும். நான் அதை அப்பாவுக்குக் காட்டக் கூப்பிட்டேன். "வேலை இருக்கு" என்றார். தினமும் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைவது அவருக்கு ஒரு பயிற்சியாகவே ஆகிவிட்டது.

தெரு பார்த்தது. லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்கள் பார்த்தார்கள். காய்கறி வண்டிக்காரர் நிழலுக்கு அங்கே நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் கூட்டம் ரோஜாவைப் பார்க்கக் கிளம்பி வந்தது. அப்பா வழி சொல்லியிருந்தார்: பஸ் நிறுத்தத்தில் இறங்கி, ரோஜா வீடு எது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் நான்கு பேரும் வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு, கடைசியில் இஸ்திரி வண்டிக்காரரிடம் அப்பாவின் கண்ணாடியையும் நடையையும் வர்ணித்தார்களாம். "அட, காகிதப்பூ வூட்டு சாரா? நேரா போங்க, தானா தெரியும்" என்றாராம் அவர்.

கேட்டுச் சத்தம் கேட்டு அப்பா வெளியே போனபோது நால்வரும் அண்ணாந்து வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்கள்.

"என்ன சார், ஒரு செடின்னு அடக்கமா சொன்னீங்க," என்றார் சாமுவேல் சார். "நாங்க ஊத்தின தண்ணிக்கா இவ்வளவும்?"

"ரோஜான்னாரு. எனக்கு இன்னாவோ காகிதப்பூ மாதிரிதான் கீது" என்றார் குணா அண்ணன்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அந்த வாரம் லாரி நெரிசலில் யாருடைய குடமோ காலில் விழுந்து கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. கட்டுப் போட்ட காலை லேசாக இழுத்துத்தான் நடந்தாள். வாசல்படியில் நின்று கேட்டாள். "எந்தத் தண்ணி?"

அப்பா மெதுவாகக் கையைத் தூக்கிக் குடையைக் காட்டினார். எல்லாரும் அங்கே போனோம். குடைக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு குச்சி. அதில் எண்ணிவிடக்கூடிய இலைகள், உச்சியில் பட்டாணி அளவில் ஒரு மொட்டு. குணா அண்ணன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"இதுக்கா சார்?"

சாமுவேல் சார்தான் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். அப்பாவும் சிரித்துவிட்டார், வேறு வழியில்லை. அம்மா சிரிக்கவில்லை.

"ரயில்லேருந்து தண்ணி கொண்டு வந்தீங்களா? குடிக்கிற தண்ணி?"

"மிச்சம்தான் வசந்தா. எல்லாரும் குடிச்ச மிச்சம்."

"தெனமும்?"

அப்பா தலையாட்டினார். அம்மா தன் காலைப் பார்க்கவில்லை, ஆனால் நாங்கள் எல்லாரும் பார்த்துவிட்டோம். அவள் உள்ளே போனாள். வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். "இன்னொரு நாள் வரோம் சார்" என்று சாமுவேல் சார் தாழ்ந்த குரலில் சொன்னார். அப்பா குடையின் துணியை நேர்செய்துகொண்டிருந்தார். அப்பா அவ்வளவு சின்னவராக எனக்கு அதற்குமுன் தோன்றியதில்லை.

அம்மா தட்டில் எலுமிச்சை ஜூஸோடு வந்தாள். எங்கள் வீட்டில் இருந்த எல்லா டம்ளரும் அதில் இருந்தன. வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள். "நாளைலேருந்து நாலு பாட்டில் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு உங்க ரோஜாவுக்கு. மூணு எனக்கு. நான் லாரிக்குப் போக மாட்டேன்."

"பாட்டிலு எதுக்குக்கா?" என்றார் குணா அண்ணன் உடனே. "கேனு எடுத்துகினு வரச் சொல்லு. மொத்த வண்டியும் ஊத்தும்."

இப்போது அம்மாவும் சிரித்தாள். சாமுவேல் சார் நிம்மதியோடு காகிதப்பூவைக் காட்டி, "இதுக்கு என்னம்மா போடறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போடறதில்ல சார். இத்தனை வருஷமா துணி துவைச்ச தண்ணி போய்க்கிட்டே இருந்துச்சு, பூக்கல. இவர் வாய்க்கால் வெட்டித் தண்ணிய நிறுத்தினாரு, பூத்துடுச்சு."

அப்பா முதல்முறையாக அந்தப் பக்கம் திரும்பி, கூரை வரை முழுமையாகப் பார்த்தார். டம்ளரை வாயருகே வைத்தபடி, "அப்ப ரெண்டும் நான் வளர்த்ததுதான்" என்றார்.

அன்று போகும்போது நால்வரும் ஆளுக்கு ஒரு காகிதப்பூக் கொம்பைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனார்கள். ரோஜாவில் கொம்பு கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. மறுநாளிலிருந்து அப்பாதான் குடத்தோடு லாரிக்கு நின்றார், பெண்கள் வரிசையில் ஒரே ஆண்பிள்ளையாக. ஆபீஸ் ரயிலை விட்டுவிடுவார் என்று அவருக்கு மட்டும் முன்னால் இடம் கொடுத்தார்கள். அதையும் அம்மாதான் பேசி வாங்கியிருந்தாள். மாலையில் பாட்டில்களும் தவறாமல் வந்தன.

ஐப்பசியில் மழை வந்தது. காகிதப்பூ தன் நிறத்தையெல்லாம் தெருவில் கொட்டிவிட்டுப் பச்சைக்குத் திரும்பியது. ரோஜா எங்கிருந்தோ செந்துளிர்களை எடுத்துக்கொண்டு கிளம்பியது. முதல் பெரிய பூவை அப்பா டிபன் டப்பாவில் வைத்து ரயிலுக்குக் கொண்டுபோனார். அது அந்தப் பெட்டியில் எல்லார் கையிலும் போய் வந்ததாம். குணா அண்ணன் முகர்ந்துவிட்டு, "நம்ம ஆர்பர் தண்ணி வாசன அடிக்குது சார்" என்றாராம். மாலையில் அது ஓரங்கள் வாடித் திரும்பி வந்தது. அம்மா அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுப் பெயர் மட்டும் மாறவில்லை. தபால்காரர், கேஸ்காரர், என் கல்யாணத்துக்கு வந்த பந்தல்காரர், எல்லாருக்கும் அது "காகிதப்பூ வூடு"தான். சில வருஷம் கழித்து அப்பாவே போனில் யாருக்கோ அந்தப் பெயரைச் சொல்லி வழி காட்டுவதைக் கேட்டேன். சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

இப்போது அந்த மனையில் அடுக்குமாடி நிற்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்காக முதலில் போனது காகிதப்பூ. ரோஜா அதற்கு வெகுமுன்பே, ஒரு கார்த்திகை மழையில், வேர் அழுகிப் போய்விட்டிருந்தது. அங்கே இப்போது கருவேல முள்ளும் இல்லை, காலி மனையும் இல்லை. சாமுவேல் சார் காலமாகிவிட்டார். குணா அண்ணன் மகனோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. மாலை லோக்கலில் நான் எப்போதாவது போவதுண்டு. மடியில் துண்டு விரித்துச் சீட்டாடும் யாரையும் காணவில்லை, எல்லாரும் குனிந்து போன் பார்க்கிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் கீழ்க்கட்டளையில் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். வடக்குப் பார்த்த பால்கனி; வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. எதுவும் வளராது என்று இருவரும் எதையும் வைக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் எழும் பழக்கம் அப்பாவை விடவில்லை. எழுந்து செய்ய ஒன்றும் இல்லாததால், அறுபது வயது வரை அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதிருந்தவர், இப்போது அம்மாவுக்குக் காபி போடுகிறார். போன மாதம் நான் தங்கியிருந்தபோது பார்த்தேன். டவராவில் ஆற்றிக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அம்மா ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணி ஜாஸ்தி" என்றாள், மிச்சத்தையும் குடித்துக்கொண்டே.